எழுத்தறிவால் விலங்கொடித்த பெருமகன் பிரெடரிக் டக்ளஸ்

உலக வரலாற்று நூல்களைப் புரட்டுவோமாயின், முடிமன்னர்களின் பெயர்களும் படைத்தலைவர்களின் பெயர்களுமே பக்கந்தோறும் நிறைந்திருக்கக் காண்போம். எகிப்து நாட்டுப் பிரமிடுகளை எழுப்பச் செய்த மன்னர்களின் பெயர்கள் நிலைத்து நிற்கின்றன. அவற்றின் கற்களைச் சுமந்தோருள் பெரும்பாலோர் பெயரின்றி மறைந்தனர். ஆயினும், சுமை சுமக்கவே பிறந்தவன் என்று உலகம் ஒதுக்கி வைத்த ஒருவன், தன் பெயரைத் தானே எழுதக் கற்று, அதனை வரலாற்றின் ஏட்டில் பொறித்துச் சென்றதும் உண்டு. அத்தகையோருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் அமெரிக்க நாட்டின் பிரெடரிக் டக்ளஸ் ஆவார்.

கல்விப் பணியில் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில், கடல் கடந்த நாட்டினர் ஒருவரின் வரலாறு இடம்பெறுவது ஏன் என்று சிலர் வினவக்கூடும். மகாத்மா ஜோதிராவ் பூலே 1873-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'குலாம்கிரி' என்னும் நூலை, கறுப்பின அடிமைகளின் விடுதலைக்குப் பாடுபட்ட அமெரிக்க நன்மக்களுக்கே காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க் நகரில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1946-இல் கறுப்பின அறிஞர் டூபாய்ஸ் அவர்களுக்கு மடல் எழுதி, இரு மக்களின் நிலைக்கும் உள்ள ஒப்புமையைச் சுட்டினார். ஆகவே இது அயலார் கதையன்று; நம் முன்னோர் உற்று நோக்கிய வரலாறு.

பிறந்த நாள் அறியாப் பிறப்பு

அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்ட அடிமைகளின் தொகை ஏறத்தாழ ஒன்றேகால் கோடி என வரலாற்று அறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர். கப்பலின் அடித்தட்டில் நெருக்கி அடைக்கப்பட்ட அவர்களுள் பல இலட்சம் பேர் கரை காணாமலே மாண்டனர். எஞ்சியோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் பருத்தித் தோட்டங்களிலும் புகையிலைத் தோட்டங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் உழைத்துத் தேய்ந்தனர். 1860-ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க நாடுகளில் மட்டும் ஏறக்குறைய நாற்பது இலட்சம் அடிமைகள் இருந்தனர்.

அவ்வடிமைக் கூட்டத்தில், மேரிலாந்து மாநிலத்தின் டால்பட் வட்டாரத்தில், 1818-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஒரு குழந்தை பிறந்தது. பிரெடரிக் அகஸ்டஸ் வாஷிங்டன் பெய்லி என்பது அதற்கு இடப்பட்ட பெயர். பிறந்த நாள் எதுவென்று டக்ளஸ் தம் வாழ்நாள் முழுதும் திட்டமாக அறிந்தாரில்லை. கன்றும் கழுதையும் பிறந்ததைக் குறித்து வைப்பது போல, அடிமைக் குழந்தையின் பிறப்பும் எசமானனின் உடைமைக் கணக்கில் ஒரு வரியாகவே எழுதப்பட்டது. அந்தக் கணக்கேட்டைக் கொண்டே பிற்கால ஆய்வாளர்கள் அவர் பிறந்த ஆண்டையும் திங்களையும் உறுதி செய்தனர்.

தந்தை ஒரு வெள்ளையர் என்பதற்கு மேல் அவருக்குத் தெளிவாகத் தெரியாது. ஆயினும், தாய் அடிமையாயின் பிள்ளையும் அடிமையே என்பது அந்நாட்டுச் சட்டம். பிறப்பினால் இழிவு சுமத்தும் வழக்கம் எந்த நாட்டில் இருப்பினும் அதன் இலக்கணம் ஒன்றே அன்றோ! தாய் ஹாரியட் பெய்லி வேறொரு பண்ணையில் வயல் வேலை செய்தார். பகலெல்லாம் உழைத்து, இரவில் பன்னிரண்டு மைல் நடந்து வந்து மகனைத் தழுவிப் படுத்து, விடியுமுன் திரும்பிச் செல்வார். அவ்வாறு வந்தவை நாலைந்து இரவுகளே. மகனுக்கு ஏறத்தாழ ஏழு வயதானபோது அத்தாய் இறந்தார். இறுதியாக முகம் காணவும் மகனுக்கு வாய்ப்பில்லை.

பாட்டி பெட்சியிடம் வளர்ந்த சிறுவன் ஆறு வயதில் பெரிய பண்ணைக்குக் கொண்டு செல்லப்பட்டான். அங்கே அடிமைச் சிறார்க்கு மக்காச்சோளக் கூழைத் தொட்டியில் ஊற்றித் தரையில் வைப்பர். சிப்பி ஓடுகளாலும் வெறுங்கையாலும் அள்ளியுண்ண வேண்டும். விரைந்து உண்டவன் மிகுதி பெற்றான். மெலிந்தவன் பட்டினி கிடந்தான். முழங்கால் வரை தொங்கும் முரட்டுச் சட்டை ஒன்றே உடை. குளிர்காலத்தில் தானியச் சாக்கினுள் தலையை நுழைத்து உறங்குவான். வெளியே நீண்டிருந்த பாதங்கள் பனியால் வெடித்துப் பிளந்தன. பிற்காலத்தில் அவ்வெடிப்புகளில் தம் எழுதுகோலையே வைக்கலாம் என்று டக்ளஸ் குறித்துள்ளார். பிளந்த பாதத்திற்கும் எழுதுகோலுக்கும் இடைப்பட்ட தொலைவே அவருடைய வாழ்க்கை எனலாம்.

எழுத்தைத் தேடிய சிறுவன்

எட்டு வயதில், 1826-ஆம் ஆண்டில், பால்டிமோர் துறைமுக நகருக்கு ஹியூ ஆல்டு என்பாரின் இல்லத்திற்கு ஏவலனாக அனுப்பப்பட்டதே அவர் வாழ்வின் திருப்பமாயிற்று. அவ்வீட்டுத் தலைவி சோபியா அதற்குமுன் அடிமையை வைத்திருந்தவர் அல்லர். கள்ளமற்ற அன்புடன் சிறுவனுக்கு ஆங்கில எழுத்துகளைக் கற்பிக்கத் தொடங்கினார். சிறு சிறு சொற்களை அவன் எழுத்துக்கூட்டும் நிலையை எட்டியபோது, கணவர் அதனை அறிந்து சினந்து தடுத்தார். கல்வி பெற்ற அடிமை அடிமையாக நீடிக்கமாட்டான், அவனை ஆள இயலாது என்று மனைவிக்கு அவர் விளக்கினார்.

தடைமொழியாகக் கூறப்பட்ட அதுவே சிறுவனுக்கு உபதேசமாயிற்று! கல்வி இவர்களை இவ்வளவு அச்சுறுத்துமாயின், விடுதலைக்கு வழியும் அதுவே என்று அப்பிஞ்சு உள்ளம் தெளிந்தது. தென்மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்தறிவிப்பது சட்டப்படி குற்றமாக இருந்தது. மேரிலாந்தில் அத்தகைய சட்டம் இல்லாவிடினும், எசமானர் கட்டுப்பாடு சட்டத்தினும் கொடியதாக விளங்கிற்று.

ஆசிரியரை இழந்த சிறுவன் தெருவையே பள்ளியாக்கிக் கொண்டான். ஏவலுக்குச் செல்லும்போது சட்டைப்பையில் ரொட்டித் துண்டுகளை எடுத்துச் சென்று, பசித்த ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்குக் கொடுத்து, அவர்களிடமிருந்து பாடம் பெற்றான். கப்பல் கட்டும் தளத்தில் தச்சர்கள் மரத்துண்டுகளின்மேல், இடப்பக்கத்திற்கு உரியது, வலப்பக்கத்திற்கு உரியது, முன்பகுதிக்கு உரியது எனக் குறிக்கும் எழுத்துகளைப் பார்த்து எழுதிப் பழகினான். பிறகு தெருச் சிறுவர்களிடம் சென்று, உங்களைப்போல் எனக்கும் எழுதத் தெரியும் என்று பந்தயம் கூறுவான். அவர்கள் எழுதிக் காட்டும் புதிய எழுத்துகளைக் கற்றுக்கொள்வான். மதிலும் தரையும் பலகையாயின, சுண்ணக்கட்டி எழுதுகோலாயிற்று. எசமானர் மகன் எழுதி முடித்து எறிந்த பயிற்சி ஏடுகளில், வரிகளின் இடைவெளியில் அதே எழுத்துகளை எழுதிப் பார்த்தான்.

பன்னிரண்டு வயதளவில், தான் ஈட்டிய ஐம்பது காசுகளைக் கொடுத்து 'கொலம்பியன் ஆரேட்டர்' என்னும் சொற்பொழிவுத் தொகுப்பை வாங்கினான். எசமானனுடன் வாதிட்டு வென்று விடுதலை பெறும் ஓர் அடிமையின் உரையாடல் அந்நூலில் உண்டு. அதனைப் பயிலப் பயில, அடிமைத்தனம் இறைவனின் கட்டளையன்று, மனிதர் செய்த கொள்ளையே என்பது விளங்கிற்று. விளங்கியதனால் துன்பமும் பெருகிற்று. அறியாமையில் உறங்கும் உடனடிமைகளைக் கண்டு சில வேளை பொறாமை கொண்டதாகவும் அவர் எழுதியுள்ளார். கல்வியின் முதற்பயன் மகிழ்ச்சியன்று, விழிப்பு என்பதை இதனினும் நேர்மையாகச் சொன்னவர் அரியர்.

வளைக்க வந்தவனை எதிர்த்த இளைஞர்

1833-ஆம் ஆண்டில் அவர் மீண்டும் கிராமப்புறத்திற்கு அனுப்பப்பட்டார். அங்கே ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி ஒன்றை நடத்தத் துணிந்தபோது வெள்ளையர் தடிகளுடன் வந்து கலைத்தனர். அடங்காதவர் என்று கருதப்பட்ட அவர், 1834-இல் எட்வர்டு கோவி என்பவனிடம் ஓராண்டுக்கு ஒப்படைக்கப்பட்டார். முரண்டு பிடிக்கும் அடிமைகளை அடித்து வசக்குவதில் பெயர் பெற்றவன் அவன். முதல் ஆறு திங்களில் சாட்டை படாத வாரம் அரிதாயிற்று. உடலோடு உள்ளமும் முறியும் நிலையில், ஆகஸ்டுத் திங்களில் ஒருநாள் பதினாறு வயது இளைஞர் எதிர்த்து நின்றார். இருவருக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மற்போர் நிகழ்ந்தது. அதன்பின் கோவி அவர்மேல் சாட்டையை ஓங்கவே இல்லை. இளைஞன் ஒருவனிடம் தோற்றதாக ஊர் அறிந்தால் தன் பெயர் கெடும் என்று அஞ்சி அதிகாரிகளிடம் முறையிடவும் இல்லை.

அடுத்த ஆண்டு வேறொரு பண்ணையில் பணிபுரிந்தபோது, மறைவாக மீண்டும் பள்ளி தொடங்கினார். நாற்பதுக்கும் மேற்பட்ட அடிமைகள் அங்கே பயின்றனர். பிடிபட்டால் முதுகில் முப்பத்தொன்பது அடி விழும் என்பதை அறிந்தே அவர்கள் வந்தனர். தாம் கற்றது அரைகுறைக் கல்வியே எனினும், முழுதும் கற்றபின் கற்பிப்போம் என்று டக்ளஸ் காத்திருக்கவில்லை. இந்நிகழ்ச்சியை நம் இளைஞர்கள் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும்.

1836-இல் தோழர்களுடன் தப்பிச் செல்ல வகுத்த திட்டம் வெளிப்பட்டுச் சிறைப்பட்டார். பின்னர்ப் பால்டிமோருக்கே அனுப்பப்பட்டு, கப்பல் பலகைகளின் இடைவெளியை அடைக்கும் தொழில் கற்றார். வாரக் கூலி முழுவதையும் எசமானன் பெற்றுக்கொண்டான். அந்நகரில் அடிமையல்லாத கறுப்பினப் பெண்மணி ஆனா மர்ரேயின் நட்பு வாய்த்தது. வீட்டு வேலை செய்து அவர் சேமித்த பணமே பயணச் செலவுக்கு உதவிற்று. 1838-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள், கப்பலோட்டியின் உடை அணிந்து, நண்பர் ஒருவரின் கப்பலோட்டிச் சான்றிதழை இரவல் பெற்று, டக்ளஸ் இரயிலேறினார். அச்சான்றிதழில் குறிக்கப்பட்ட அடையாளங்கள் அவருக்குப் பொருந்தவே இல்லை. கூர்ந்து நோக்காத பரிசோதகரின் கண்ணில் அவர் உயிர் தங்கியிருந்தது. இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் நியூயார்க்கை அடைந்தார். சில நாட்களில் ஆனாவும் வந்து சேர, செப்டம்பர் 15-இல் திருமணம் நிறைவேறியது. நியூ பெட்ஃபோர்டில் குடியேறிய பின்னரே டக்ளஸ் என்னும் பெயரை ஏற்றார். விடுதலை மாநிலமாகிய அங்கும், கறுப்பர் ஒருவர் உடன் வேலை செய்தால் தாம் விலகுவோம் என்று வெள்ளைத் தொழிலாளர் கூறியமையால், கற்ற தொழிலை விட்டு விறகு பிளந்தும் கரி அள்ளியும் பிழைத்தார்.

நாவும் எழுதுகோலும்

1841 ஆகஸ்டில் நாண்டக்கெட் தீவில் நிகழ்ந்த அடிமை ஒழிப்பு மாநாட்டில் அவர் முதன்முதலாகப் பெருங்கூட்டத்தின் முன் பேசினார். நடுங்கிய குரலில் தொடங்கிய அவர், விரைவில் நாட்டின் தலைசிறந்த நாவலருள் ஒருவரானார். இத்துணை அழகாகப் பேசுபவர் அடிமையாக இருந்திருக்க முடியாது என்று ஐயுற்றோரும் உண்டு. அவ்வையத்தை அகற்றவே, 1845-இல் தம் வாழ்க்கை வரலாற்றை, எசமானர்களின் பெயர்களையும் ஊர்களையும் மறைக்காமல் எழுதி வெளியிட்டார். நான்கே திங்களில் ஏறத்தாழ ஐயாயிரம் படிகள் விற்றன. உண்மையை எழுதியதனால் ஆபத்தும் சூழ்ந்தது. தப்பியோடிய அடிமையைச் சட்டம் எப்போதும் பிடித்துக் கொடுக்கும். எனவே அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் சென்று இரண்டாண்டுக் காலம் சொற்பொழிவாற்றினார். அங்கே நிறம் பாராது தம்மை உடன் அமர்த்தி உணவிட்டமை அவருக்குப் புதுமையாயிற்று. ஆங்கிலேய நண்பர்கள் 150 பவுன் திரட்டி 1846-இல் எசமானனுக்குக் கொடுத்து விடுதலைப் பத்திரம் பெற்றனர். மனிதனுக்கு விலை கொடுத்தது கொள்கைக்கு இழுக்கு என்று சில நண்பர்களே குறை கூறினர். ஆயினும், தாயகம் திரும்பி அச்சமின்றிப் பணியாற்ற டக்ளஸுக்கு அப்பத்திரம் தேவைப்பட்டது.

1847 டிசம்பரில் ரோச்செஸ்டர் நகரில் 'நார்த் ஸ்டார்' என்னும் இதழைத் தொடங்கினார். இரவில் தப்பியோடும் அடிமைகளுக்கு வழிகாட்டும் வடமீனின் பெயர் அது. பிறர் நமக்காகப் பேசுவது நன்று. நாமே நமக்காகப் பேசுவது அதனினும் நன்று என்பதே அவ்விதழின் அடிப்படை. மறு ஆண்டில் செனகா பால்ஸ் நகரில் கூடிய பெண்கள் உரிமை மாநாட்டில், பெண்களுக்கு வாக்குரிமை கோரும் தீர்மானத்தைப் பலரும் தயங்கியபோது துணிந்து ஆதரித்தார்.

இதே காலத்தில் நிகழ்ந்த ஒரு செய்தி ஆசிரியர்கள் அனைவரும் அறியத்தக்கது. அவருடைய ஒன்பது வயது மகள் ரோசெட்டா ரோச்செஸ்டரில் ஒரு தனியார் பள்ளியில் சேர்க்கப்பட்டாள். ஆயினும் தனி அறையில் ஒற்றையாக அமர்த்தப்பட்டாள். டக்ளஸ் கண்டித்தபோது, தலைமையாசிரியை மாணவிகளிடம் கருத்துக் கேட்டார். அவர்களோ, ரோசெட்டா தத்தம் அருகே அமரட்டும் என்று போட்டியிட்டு அழைத்தனர். பின்னர்ப் பெற்றோரிடம் கேட்கப்பட்டது. ஒரே ஒருவர் மறுத்தார். அந்த ஒருவர் பொருட்டுக் குழந்தை வெளியேற்றப்பட்டாள். குழந்தைகள் ஒன்றாய் அமர விரும்பினர், பிரித்தவர்கள் பெரியவர்களே. டக்ளஸ் இதனைத் தம் இதழில் வெளிப்படையாக எழுதினார். அந்நகரப் பொதுப்பள்ளிகளில் நிறப் பிரிவினை ஒழியப் போராடினார். 1857-இல் அப்பிரிவினை நீங்கிற்று.

எகிப்தின் புதிரும் இனத்தின் பெருமையும்

அந்நாளில் அமெரிக்க அறிஞர் சிலர் மண்டையோடுகளை அளந்து, கறுப்பினத்தார் இயல்பிலேயே தாழ்ந்தோர் என்று நூல் எழுதினர். பிரமிடுகளைக் கட்டிய பழைய எகிப்தியர் ஆப்பிரிக்கரே அல்லர் என்றும் வாதிட்டனர். ஒரு மக்களை அடிமைப்படுத்த முற்படுவோர் முதலில் அவர்களுடைய பழமையைப் பறிப்பர் என்பதை டக்ளஸ் உணர்ந்தார். 1854-இல் ஒகாயோ மாநிலக் கல்லூரி விழாவொன்றில், பண்டைய எகிப்தியரின் நாகரிகத்தில் ஆப்பிரிக்கருக்குரிய உறவை எடுத்துக்காட்டி நெடிய உரை நிகழ்த்தினார். முப்பத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின், 1887-இல், எழுபதை நெருங்கிய வயதில் எகிப்துக்கே சென்று, கீசாவின் பெரிய பிரமிடின் உச்சிவரை ஏறினார். சாக்கினுள் உறங்கிய சிறுவன் ஏறி நின்ற உயரம் அது.

உள்நாட்டுப் போரும் விடுதலையும்

தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுப்பதை எல்லா மாநிலங்களுக்கும் கடமையாக்கிய சட்டம் 1850-இல் வந்தது. அக்காலத்தில் டக்ளஸின் இல்லம் கனடாவுக்குத் தப்பிச் செல்வோரின் தங்குமிடமாயிற்று. 1859-இல் படைக்கலச் சாலையைத் தாக்க ஜான் பிரவுன் அழைத்தபோது, அது பொறியில் சிக்குவதாகும் என்று கூறி உடன்பட மறுத்தார். பிரவுன் தூக்கிலிடப்பட்டார், டக்ளஸும் தேடப்பட்டு மீண்டும் இங்கிலாந்து செல்ல நேர்ந்தது.

1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. இது அடிமை ஒழிப்புப் போராக வேண்டும், கறுப்பின வீரரைப் படையில் சேர்க்க வேண்டும் என்று டக்ளஸ் இடையறாது வற்புறுத்தினார். 1863 ஜனவரி 1-இல் ஆபிரகாம் லிங்கன் விடுதலைப் பிரகடனம் வெளியிட்டார். மாசசூசெட்ஸ் 54-ஆம் படைப்பிரிவுக்கு ஆள் திரட்டிய டக்ளஸ், முதலில் தம் புதல்வர்களையே அளித்தார். ஆனால் வெள்ளை வீரருக்குத் திங்கள் ஊதியம் 13 டாலர். கறுப்பின வீரருக்கு 10 டாலர், அதிலும் உடைக்காக 3 டாலர் பிடித்தம். அப்படைப்பிரிவினர் குறைந்த ஊதியத்தை வாங்கவே மறுத்துப் போரிட்டனர். டக்ளஸ் நேரே வெள்ளை மாளிகை சென்று லிங்கனிடம் முறையிட்டார். 1864-இல் சம ஊதியச் சட்டம் வந்தது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் களம் கண்டனர். ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்டோரைப் பலி கொண்ட அப்போர் 1865-இல் முடிய, அரசியல் சட்டத்தின் 13-ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1868-இல் குடியுரிமையும், 1870-இல் ஆடவர்க்கு வாக்குரிமையும் சட்டமாயின.

வென்றபின் வந்த சோதனை

விடுதலை கிடைத்ததும் அவர் ஓய்ந்தாரில்லை. 1877-இல் தென்மாநிலங்களிலிருந்து மைய அரசின் படைக்காவல் விலக்கப்பட்டதும், ஏட்டில் பெற்ற உரிமைகள் நாட்டில் பறிக்கப்பட்டன. வாக்களிக்கச் சென்றோர் தாக்கப்பட்டனர். கும்பல்கள் மக்களை மரத்தில் தூக்கிலிட்டன. உயர் பதவிகள் பெற்றிருந்த டக்ளஸ் அவற்றின் நிழலில் வாய்மூடி இருக்கவில்லை. கொலைகளை ஆய்ந்து வெளியிட்ட இளம் பெண்மணி ஐடா வெல்ஸுக்குத் துணை நின்றார். முதுமையிலும் அக்கொடுமையைக் கண்டித்து முழங்கினார்.

1889 முதல் 1891 வரை ஹெய்ட்டிக் குடியரசில் அமெரிக்கத் தூதராக இருந்தார். அடிமைகளே போரிட்டு 1804-இல் அமைத்த நாடு அது. அதன் துறைமுகம் ஒன்றைக் கடற்படைத் தளமாகப் பெற அமெரிக்கா விழைந்தது, ஹெய்ட்டி மறுத்தது. டக்ளஸ் போதிய அழுத்தம் தரவில்லை என்று செய்தித்தாள்கள் பழித்தன. எளிய நாட்டை மிரட்டிப் பெறும் வெற்றியை அவர் விரும்பவில்லை. இரண்டாண்டுகளுக்குப் பின், சிகாகோ உலகக் கண்காட்சியில் தன் அரங்கின் பொறுப்பை ஹெய்ட்டி அவரிடமே ஒப்படைத்தது.

அவர் உள்ளத்தின் பெருமைக்கு மற்றொரு சான்றும் உண்டு. தம்மை உடைமையாக வைத்திருந்த தாமஸ் ஆல்டு சாகும் தறுவாயில் இருந்தபோது, 1877-இல் சென்று கண்டார். இருவரும் கண்ணீர் விட்டனர். அப்போதும் அவர் கேட்டறிய விரும்பியவற்றுள் ஒன்று, தாம் பிறந்த நாள் எது என்பதே.

1895 பிப்ரவரி 20-ஆம் நாள் வாஷிங்டனில் பெண்கள் மாநாடொன்றில் கலந்துகொண்டு இல்லம் திரும்பிய டக்ளஸ், மாலையில் திடீரென உயிர் நீத்தார். அவருடல் ரோச்செஸ்டரில் அடக்கம் செய்யப்பட்டது.

நாம் கொள்ளத்தக்கன

இவ்வரலாற்றில் ஒரு நிழலும் உண்டு. கணவரின் விடுதலைக்குப் பொருள் தந்து, காலணி தைத்துக் குடும்பம் காத்த ஆனா அம்மையார், 1882-இல் மறையும்வரை எழுத்தறிவு பெறாதவராகவே வாழ்ந்தார் என்பர். நாற்பது பேருக்கு அறிவு விளக்கேற்றியவரின் இல்லத்திலேயே ஒருவர் எழுத்தொளி பெறவில்லை. நம் குடும்பங்களில் ஆண்மக்களின் படிப்புக்காகத் தாயும் தமக்கையும் கூலி வேலைக்குச் சென்ற கதைகள் எத்தனை! அவர்களுக்கு நாம் பட்ட கடனைப் பெண் கல்வியினாலேயே அடைக்க முடியும்.

கல்வியால் பதவி பெற்று நகரங்களில் குடியேறிய நம்மவர் பலர், பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ் வேண்டும்போது மட்டுமே ஊருக்குத் திரும்புகின்றனர். இது கசப்பான உண்மை. தப்பிச் சென்ற டக்ளஸ் நியூ பெட்ஃபோர்டிலேயே அமைதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால், தம் பெயரை வெளியிட்டால் பிடிபட நேரும் என்று அறிந்தும் எழுதினார். பின்னால் வருவோருக்குத் தம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தார். தாம் ஏறிய ஏணியை அவர் மேலே இழுத்துக்கொள்ளவில்லை.

சட்டம் தரும் உரிமை, விழிப்புள்ள மக்களிடமே தங்கும். 1870-இல் எழுதப்பட்ட வாக்குரிமை, தென்மாநிலக் கறுப்பினத்தார் கைக்கு உண்மையாக வந்து சேர 1965-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. ஆகவே, பெற்றுவிட்டோம் என்று உறங்குதல் கூடாது.

நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் எரியவிட்ட விளக்கு அடுத்த தலைமுறையின் கையில் சேர்கிறது. படித்தவர் ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு மாலைப் பொழுதையேனும் தம் தெருப் பிள்ளைகளுக்கு ஒதுக்குவார்களாக. முழுமையாகக் கற்றபின் என்று காத்திருக்க வேண்டா; கற்றவரை கற்பிப்போம். டக்ளஸின் வாழ்வு நமக்கு இடும் பணி இதுவே.